சாடிகளில் மிளகாய், கத்தரி, தக்காளி: பாத்திரத் தெரிவும் மண் ஆயத்தமும்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பயிர்கள். இவற்றின் விளைச்சல் பெரும்பாலும் முதல் ஐந்து கிழமைகளிலேயே நிருணயமாகின்றது. நாற்று நலமாக வளர்ந்தால் பின்னர் வரும் குறைகள் பலவற்றைச் செடி தாங்கிக்கொள்ளும். நாற்றுமேடையிலேயே பழுதடைந்த செடியை எவ்வளவு பசளையிட்டும் தேற்ற முடியாது.

பெரும்போகத்துக்காகப் புரட்டாதி மாதத்தில் இடப்படும் நாற்றுமேடையொன்று அடியழுகல் நோயினால் அழிந்துபோகுமாயின், கமக்காரர் இழப்பது விதைக்குக் கொடுத்த பணத்தை மட்டுமன்று. மறுபடியும் விதை தேடி, விதைத்து, நாற்றுப் பருவமடையும்வரை ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். அதற்குள் நடுகைக்கு ஏற்ற காலம் கடந்துவிடும். பூக்கும் பருவம் கடுமழையில் அகப்படும். மேலும், நோயுள்ள மேடையிலிருந்து பிடுங்கிய நாற்றுகள் அந்நோயைத் தோட்டம் முழுவதற்கும் கொண்டுசெல்லும். பற்றீரியா வாடல் ஒரு முறை நிலத்திற் புகுந்தால் பல ஆண்டுகள் அங்கே தங்கும்.

இத்தொல்லையிலிருந்து தப்புவதற்குச் சிறந்த வழி, கூரையின் கீழ்ச் சிறு பாத்திரங்களில், தூய மண்ணில் நாற்றுகளை வளர்த்தலாகும். நெல்லிற் பரசூட் முறை நடுகைக்காகத் தட்டுகளில் நாற்று வளர்த்த கமக்காரருக்கு இது புதிதன்று. வாடல் நோய் குடிகொண்ட நிலத்தையுடையவரும், நிலமே இல்லாதவரும், இச்செடிகளைப் பெரிய சாடிகளில் வைத்து அறுவடைவரை வளர்க்கலாம். இரு முறைகளுக்கும் வேண்டிய பாத்திரம், மண், நீர் ஆகியவற்றைப் பற்றி இத்துண்டுப் பிரசுரம் கூறுகின்றது.

எப்பாத்திரம் உகந்தது?

நீரை வடியவிடுவதும், வேருக்குப் போதிய இடம் தருவதும், நஞ்சற்றதுமான எப்பாத்திரமும் உகந்ததே. பணம் கொடுத்து வாங்கிய பாத்திரமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை.

மண்சட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும். ஆகையால் அதன் மண் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். அதிக நீரினால் வேர் அழுகுதல் குறைவு. ஆயினும் கோடையில் அது விரைவில் உலர்ந்துவிடும். ஒரு நாள் நீர் ஊற்றத் தவறினாலும் செடி வாடும். பாரமும் உடையும் தன்மையும் அதன் குறைகளாகும்.

பிளாத்திக்கு வாளிகளும் சாடிகளும் ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும். இவற்றில் நீரைக் குறைத்து ஊற்றுதல் வேண்டும். கறுப்பு நிறச் சாடி நண்பகல் வெயிலில் மிகவும் சூடேறி, சுவரோரத்து வேர்களைக் கருகச் செய்யும். அத்தகைய சாடிகளின் புறத்தே வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், அல்லது பழைய சாக்கைச் சுற்றுதல் நன்று.

வெறுமையான உரப்பைகள் மலிவானவை, எங்கும் கிடைப்பவை. அவற்றைக் கழுவி, வாயைப் பாதிவரை வெளிப்புறமாக மடித்து நிரப்பினால் நிமிர்ந்து நிற்கும். வெயிலில் ஓரிரு போகங்களில் நைந்துவிடும் என்பதை மனத்திற் கொண்டு, நைந்த பையைத் துண்டு துண்டாகி மண்ணிற் கலக்குமுன் அகற்றிவிடுதல் வேண்டும்.

தகரப்பேணிகளும் பயன்படும். துருப்பிடித்த ஓரங்கள் கையைக் கிழிக்காதவாறு மடித்துவிடல் வேண்டும். தகரமும் வெயிலிற் சூடேறுவதால், அதனைப் பகுதி நிழலில் வைப்பதே பொருத்தமாகும்.

நாற்றுகளுக்குச் சிறு பாத்திரங்கள் போதும். வாழைத் தடலில் அல்லது பழைய செய்தித்தாளிற் செய்த கூம்புகள், துளையிட்ட சிரட்டைகள், யோகட் கோப்பைகள், பொலித்தீன் பைகள், குழித்தட்டுகள் ஆகிய யாவும் ஏற்றவை. தாளிலும் தடலிலும் வளர்த்த நாற்றை அப்படியே நிலத்தில் வைக்கலாம், வேர் அசையாது. ஆனால் தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியாதபடி புதைத்தல் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் திரிபோல ஈரத்தை உறிஞ்சிக் காற்றிற் போக்கிவிடும்.

பூச்சிநாசினி, களைநாசினி, எண்ணெய்ப் பூச்சு, இயந்திர எண்ணெய் ஆகியவை இருந்த பாத்திரங்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுப் பயிருக்குப் பயன்படுத்தலாகாது.

பாத்திரத்தின் அளவு

பாத்திரம் சிறிதாயின், வேர் சுவரைத் தொட்டு வட்டமாகச் சுற்றத் தொடங்கும், செடி குறுகும், பூ உதிரும். நீர் ஒரு நாளைக்கு இரு முறை ஊற்றினாலும் போதாமற் போகும். பாத்திரம் மிகப் பெரிதாயின், இளநாற்று உறிஞ்ச முடியாத நீர் மண்ணிலே தங்கி அழுகலுக்கு இடமளிக்கும். ஆகையால் விதையைப் பெரிய சாடியில் நேரே இடாது, முதலிற் சிறு கோப்பையிலும் பின்னர் இறுதிச் சாடியிலும் வளர்த்தல் சிறந்த முறையாகும்.

உருளை வடிவான பாத்திரங்கள் கொள்ளும் மண்ணின் அளவு ஏறக்குறையப் பின்வருமாறு:

3 அங்குல விட்டம், 4 அங்குல ஆழம்: அரை இலீற்றருக்குச் சற்றுக் குறைவு. நாற்று ஒன்றுக்குப் போதும்.

8 அங்குல விட்டம், 8 அங்குல ஆழம்: 6½ இலீற்றர். கீரை, வெங்காயத்தாள் முதலியவற்றுக்குப் போதும்; மிளகாய்க்குக் குறைவு.

10 அங்குல விட்டம், 10 அங்குல ஆழம்: 13 இலீற்றர். மிளகாய்ச் செடி ஒன்றுக்கு உகந்தது.

12 அங்குல விட்டம், 12 அங்குல ஆழம்: 22 இலீற்றர். கத்தரி, தக்காளி ஒவ்வொன்றுக்கும் உகந்தது.

அடி குறுகிய சாடிகள் இதிலும் குறைவாகவே கொள்ளும். நீர் ஊற்றிய பெரிய சாடியை ஒருவர் தூக்கி நகர்த்துவது கடினம். ஆகையால் நிரப்புமுன்னரே அது நிற்கவேண்டிய இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும்.

நீர் வடிதல்

வேருக்கு நீரைப் போலவே ஒட்சிசனும் இன்றியமையாதது. மண்ணின் இடைவெளிகள் அனைத்தும் நீரால் நிரம்பினால் வேர் மூச்சுத்திணறி அழுகும். எனவே ஒவ்வொரு சாடியின் அடியிலும் சிறுவிரல் நுழையுமளவில் நான்கு முதல் ஆறு துவாரங்கள் இருத்தல் வேண்டும். அடியில் மட்டுமன்றி, அடியிலிருந்து அரை அங்குல உயரத்திற் பக்கச்சுவரிலும் இரண்டு துவாரங்கள் இட்டால், அடித்துவாரம் அடைபட்டாலும் நீர் வெளியேறும்.

சாடியின் அடியில் ஒரு படை கல் அல்லது ஓட்டுத்துண்டு பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கொடியில் உலர்த்தும் சாரத்தின் மேற்பகுதி விரைவில் உலர, கீழ்க்கரையில் நீர் தேங்கி நெடுநேரம் நிற்பதை எவரும் கண்டிருப்பர். சாடி மண்ணிலும் இவ்வாறே நிகழ்கின்றது. வடிதல் நின்ற பின்னும் மண்ணின் அடிப்பகுதியில் ஈரம் நிறைந்த ஒரு படை எஞ்சி நிற்கும். நுண்ணிய மண்ணிலுள்ள நீர், பருத்த கற்களின் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஆகையாற் கல் பரப்பும்போது அந்த ஈரப்படை கீழே போகாது, கல்லின்மேல் உயர்ந்து நிற்கும். வேருக்குக் கிடைக்கும் நல்ல மண்ணின் ஆழமே குறையும். துவாரத்தின் வழியே மண் ஒழுகாதிருக்க ஒரு துண்டுச் சாக்கு அல்லது தென்னம் பன்னாடை வைத்தாற் போதுமானது.

இதே காரணத்தால், ஆழமற்ற தட்டையான பாத்திரத்தில் மண்ணின் பெரும்பகுதி ஈரப்படைக்குள்ளேயே அகப்படும். ஒரே அளவு மண் கொள்ளும் இரு பாத்திரங்களுள் ஆழம் கூடியதே இப்பயிர்களுக்கு ஏற்றது.

சாடிகளை வெறுந்தரையில் வைக்காது, இரண்டு செங்கற்களின்மேல் வைத்தல் வேண்டும். அடியில் நீர் தாங்கும் தட்டு வைப்பதைத் தவிர்த்தல் நன்று. தேங்கிய நீர் வேரை அழுகச் செய்வதோடு நுளம்புக் குடம்பிகளுக்கும் இருப்பிடமாகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000இற்கும் மேற்பட்டோர் தெங்கு நோய் ஐயத்துக்குள்ளாயினர் என்பதைக் கருதின், வெறுஞ்சாடிகளையும் கோப்பைகளையும் மழையிற் கவிழ்த்து வையாதுவிடுதல் வீட்டாருக்கே தீங்காக முடியும்.

மண் கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் சாடியில் நிரப்பினால், சில முறை நீர் ஊற்றியதும் அது இறுகிச் சுவரைவிட்டுப் பிரியும். ஊற்றிய நீர் பிளவு வழியே ஓடிவிடும். நடுமண் உலர்ந்தே இருக்கும். சாடிக்கு வேண்டியது ஈரம் பிடிப்பதும், மிகுநீரை விடுவதும், காற்றுப் புகுவதுமான கலவையாகும்.

பொதுவாக மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அல்லது தும்புச்சோறு ஒரு பங்கு எனக் கலத்தல் பொருத்தமானது. மட்டக்களப்பு, மன்னார்க் கரையோரங்களின் மணல் மண்ணாயின் கூட்டெருவை ஒன்றரைப் பங்காக உயர்த்தலாம். வயற்களிமண்ணாயின் மண்ணை ஒரு பங்காகக் குறைத்து, அதற்கு ஈடாக ஆற்றுமணல் ஒரு பங்கு சேர்க்கலாம். கடற்கரை மணலை உப்பின் காரணமாகப் பயன்படுத்தலாகாது.

13 இலீற்றர்ச் சாடிகள் பத்துக்கு 130 இலீற்றர்க் கலவை, அதாவது 10 இலீற்றர் வாளியால் 13 வாளி தேவை. கலவை பின்னர் அமர்ந்து குறையுமாதலால் 14 வாளி ஆயத்தம் செய்தல் வேண்டும்: மேல்மண் 7, கூட்டெரு 3½, உமிக்கரி அல்லது தும்புச்சோறு 3½. சிறு நாற்றுப் பைகள் நூற்றுக்கு ஐந்து வாளிக் கலவை போதும்.

மேல்மண்: கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய எவையும் அண்மையில் இடப்படாத நிலத்திலிருந்தே மண்ணை எடுத்தல் வேண்டும். இவை யாவும் ஒரே குடும்பத்தன. ஒன்றைத் தாக்கிய வாடல் நோயும் வேர்முடிச்சு வட்டப்புழுவும் மற்றதையும் தாக்கும். புகையிலைத் தோட்டத்து மண் வளமானதெனக் கருதி அதனை மிளகாய்க்கு எடுப்பது நோயை விலைகொடுத்து வாங்குவதை ஒக்கும். மண்ணை அரிதட்டினால் அரித்துக் கல்லையும் பழைய வேரையும் நீக்குதல் வேண்டும்.

கூட்டெரு: முற்றிலும் மக்கிய கூட்டெரு கருமையாய், உதிரியாய், மழை பெய்த நிலத்தின் மணமுடையதாய் இருக்கும். துர்நாற்றமோ உட்சூடோ இருந்தால் அது இன்னும் மக்கவில்லை. ஐயமிருப்பின் ஒரு கோப்பையிற் கூட்டெருவையும் மற்றொன்றில் மணலையும் இட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு விதைகளை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். மணலில் முளைத்த அளவு கூட்டெருவிலும் முளைத்து, இலை பசுமையாக இருந்தால் அது நாற்றுக்கு ஏற்றது. கூட்டெருவில் முளை குறைந்தால் இன்னும் சில கிழமைகள் மக்கவிடுதல் வேண்டும். பச்சைச் சாணமும் புதிய கோழியெருவும் இளவேரைக் கருக்கிவிடும்.

தும்புச்சோறு: இது தன் நிறையைப்போற் பல மடங்கு நீரைப் பிடிக்க வல்லது. ஆனால் கரையோர ஆலைகளிலிருந்து வரும் புதிய தும்புச்சோற்றில் உப்பும் துவர்ப்பொருளும் இருக்கும். அதனை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்து, நீரின் கபில நிறம் மங்கும்வரை இரண்டு மூன்று முறை கழுவுதல் வேண்டும். மக்காத தும்புச்சோறு அதிகமானால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். அப்போது நாற்றின் கீழிலைகள் மஞ்சளிக்கும்.

உமிக்கரி: நெற்செய்கையாளரிடம் எளிதிற் கிடைக்கும் இப்பொருள் மண்ணை இலேசாக்கிக் காற்றோட்டம் தரும். உமி கருநிறமானவுடன் நீர் தெளித்து அணைத்தல் வேண்டும். வெண்சாம்பலாகும்வரை எரித்தால் அது கரியாகாது, காரமும் மிகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் சார்ந்த செம்மண்ணும் கிணற்றுநீரும் இயல்பாகவே காரத்தன்மை உடையனவாதலால், அங்கே உமிக்கரியைக் குறைத்துத் தும்புச்சோற்றைக் கூட்டுதல் நன்று. ஈரவலயத்தின் புளிப்பு மண்ணுக்கு உமிக்கரி நன்மையே செய்யும்.

கலவையைச் சோதிக்கும் முறை: ஈரமான கலவையை ஒரு பிடி எடுத்து இறுகப் பிடித்துக் கையை விரித்தல் வேண்டும். பிடி உருவம் நின்று, விரலாற் தட்டியதும் உதிர்ந்தால் கலவை சரியானது. பிடிக்கும்போதே உதிர்ந்தால் கூட்டெரு போதாது. தட்டியும் உதிராது களிபோல ஒட்டினால் உமிக்கரி அல்லது மணல் சேர்த்தல் வேண்டும்.

மண்ணைத் தூய்மையாக்கல்

நாற்றுக் கோப்பைகளுக்குரிய மண்ணையேனும் தூய்மை செய்தல் இன்றியமையாதது. அடியழுகலை உண்டாக்கும் பங்கசுகள் மண்ணில் எங்கும் உள்ளன. முளை மண்ணைவிட்டு எழுமுன்னரும், எழுந்து சில நாட்களிலும் அவை தாக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்ததுபோற் சுருங்கி, நேற்று நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும்.

வெயில் முறை: கலவையை நனைத்து, துப்புரவான தரையில் ஆறு அங்குலத் தடிப்புக்கு மேற்படாது பரப்பி, நிறமற்ற தெளிந்த பொலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, கடும் வெயிலில் மூன்று நான்கு கிழமைகள் விடுதல் வேண்டும். சூரிய வெப்பம் உள்ளே அடைபட்டு நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் பெரிதும் அழிக்கும். கறுப்பு விரிப்பு இவ்வளவு பயன் தராது. பெரும்போக நாற்றுக்கு வேண்டிய மண்ணை ஆவணி மாதத்திலேயே மூடிவிடுதல் பொருத்தமான திட்டமாகும்.

ஆவி முறை: மண் குறைவாயின், பழைய தகரப் பீப்பாவின் அடியிற் கல்லும் சிறிது நீரும் இட்டு, அதன்மேற் துளையுள்ள தட்டு வைத்து, ஈரமண்ணைச் சாக்கிற் கட்டி வைத்து மூடி அவித்தல் வேண்டும். மண்ணின் நடுவே ஓர் உருளைக்கிழங்கைப் புதைத்து வைத்தால், அது வெந்ததும் மண்ணும் போதிய சூடேறியது என அறியலாம். அவித்த மண்ணை ஆறவிட்டுச் சில நாட்களின் பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். கூட்டெருவைப் பின்னர்ச் சேர்த்தால் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் காக்கப்படும்.

நிலத்தில் மேடையிடுவோர், மேடையின்மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் படையாக இட்டு எரிக்கும் வழக்கமான முறையைக் கைக்கொள்ளலாம். எந்த முறையைக் கைக்கொள்ளினும், தூய்மை செய்த மண்ணை அழுக்கு மண்வெட்டியாலோ பழைய கோப்பையாலோ தொட்டால் செய்த வேலை வீணாகும். பழைய பாத்திரங்களைச் சவர்க்கார நீரிற் கழுவி வெயிலில் உலர்த்தியபின்னரே நிரப்புதல் வேண்டும்.

இடமும் ஒளியும்

நாற்றுகளுக்கு வேண்டிய கூரை மழையைத் தடுப்பதற்கேயன்றி ஒளியைத் தடுப்பதற்கன்று. வீட்டினுள் மூலையிலோ அடர்ந்த மரநிழலிலோ வைத்த நாற்று ஒளியைத் தேடி மெலிந்து நீளும். அத்தகைய நாற்று நட்டவுடன் சாய்ந்துவிடும். தெளிந்த பொலித்தீன் வேய்ந்த, பக்கங்கள் திறந்த பந்தலே சிறந்தது. அதன் பக்கங்களை நெருங்கிய கண்ணுடைய பூச்சிவலையால் மூடினால், இலைச்சுருளலைப் பரப்பும் வெண் ஈயும் புகாது. விண்ணாணமான அமைப்பு தேவையில்லை; நான்கு மூங்கிற்கால், மூன்றடி உயர மேசை, மேலே வளைத்த விரிப்பு ஆகியன போதும். மேசையில் வைத்தால் மழைநீர் தெறித்து மண் படுவதும், கோழி கிளறுவதும் நீங்கும்.

முளைக்கும்வரை கிடுகு நிழல் தரலாம். முளை எழுந்ததும் காலை வெயில் படவிட்டு, நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டுதல் வேண்டும். வளர்ந்த சாடிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் தேவை.

விதைத்தல்

உத்தரவாதமுள்ள விதையையே பெறுதல் வேண்டும். மிளகாயில் எம்.ஐ.-2, கே.ஏ.-2 முதலியனவும், கத்தரியில் திருநெல்வேலி ஊதா முதலியனவும் திணைக்களத்தினால் வெளியிடப்பட்ட இனங்களாகும். கலப்பின விதையின் விலை அதிகமாதலால் அதற்குக் கோப்பை முறையே சிக்கனமானது; ஒரு விதையும் வீண்போகாது.

கோப்பையை விளிம்புக்கு அரை அங்குலம் குறைய நிரப்பி, நன்கு நனைத்து, நீர் வடிந்தபின், கால் அங்குல ஆழத்தில் இரண்டு விதைகளை இட்டு மெல்ல மூடுதல் வேண்டும். தக்காளி ஐந்து முதல் ஏழு நாட்களிலும், கத்தரி ஏறக்குறைய ஒரு கிழமையிலும், மிளகாய் ஏழு முதல் பத்து நாட்களிலும் முளைக்கும். வைக்கோல் மூடியிருந்தால் முதல் முளை தோன்றிய அன்றே அதனை நீக்குதல் வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை நீண்டு வெளிறும். இரண்டும் முளைத்தால் வலிய ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்காது, கத்தரிக்கோலால் வெட்டிவிடுதல் வேண்டும். பிடுங்கினால் அருகிலுள்ள வேரும் அசையும்.

நீர் ஊற்றுதல்

சாடிச் செடிகள் நீர் போதாமையினால் இறப்பதைக் காட்டிலும் நீர் மிகுந்து இறப்பதே அதிகம். விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணிற் செலுத்தி, அங்கே ஈரம் இல்லையாயின் நீர் ஊற்றுதல் வேண்டும். கோப்பையைத் தூக்கிப் பார்த்தும் அறியலாம். உலர்ந்த கோப்பை இலேசாக இருக்கும். இரண்டு மூன்று நாட் பழக்கத்தில் கையே அளவுகோலாகிவிடும்.

ஊற்றும்போது துவாரத்தின் வழியே சிறிது நீர் வெளியேறும்வரை ஊற்றுதல் வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்துவிட்டுச் செல்வது தகாது. மேல்மண் நனைந்து அழுகலுக்கு இடமளிக்க, அடிவேர் உலர்ந்தே இருக்கும். நாற்றுகளுக்குக் காலையில் ஊற்றினால் மாலைக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும். இரவில் இலையும் மண்ணும் நனைந்திருத்தல் பங்கசுக்கு உகந்த நிலையாகும்.

கிணற்றுநீர் உவர்ப்பாயின், மண்ணின் மேலும் மண்சட்டியின் புறத்தும் வெண்பூப் பூக்கும். இலை நுனி கருகும். அவ்வாறு கண்டால் மழைநீரை அல்லது நல்ல நீரைச் சாடியின் கொள்ளளவுக்கு இரு மடங்கு மெதுவாக ஊற்றி உப்பை வடித்துவிடுதல் வேண்டும்.

நடுதல்

தக்காளி நாற்று மூன்று நான்கு கிழமைகளிலும், மிளகாயும் கத்தரியும் நான்கு ஐந்து கிழமைகளிலும் நடுவதற்கு ஆயத்தமாகும். அதற்கு ஒரு கிழமை முன்னர் நீரைக் குறைத்து, முழு வெயிலில் வைத்துச் செடியை வன்மைப்படுத்தல் வேண்டும். மாலையில் அல்லது முகில் மூடிய நாளில் நடுதல் நன்று. கோப்பையைக் கவிழ்த்துத் தட்டி, வேர்க்கட்டி உடையாதபடி எடுத்து, மிளகாயையும் கத்தரியையும் முன்னிருந்த ஆழத்திலேயே வைத்தல் வேண்டும். தக்காளியை முதலிலைவரை ஆழமாக வைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுதல் வேண்டும். சாடி மண்ணின்மேல் வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு இடுதல் ஈரத்தைக் காக்கும்.

பசளை

கூட்டெரு கலந்த மண்ணில் நாற்றுக்கு வேறு பசளை பெரும்பாலும் தேவையில்லை. பெரிய சாடிகளில் நீர் வடியும்போது சத்தும் வடிந்துவிடுமாதலால், நட்ட மூன்றாம் கிழமை தொடக்கம் சிறிது சிறிதாக அடிக்கடி இடுதல் வேண்டும். இரு கிழமைக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி கூட்டெருவை மேல்மண்ணிற் கிளறிவிடலாம். சீமைக்கிளுவை இலையை நீரில் ஊறவைத்து வடித்து, வெளிறிய தேநீர் நிறமாகும்வரை நீர் சேர்த்து ஊற்றலாம். யூரியா முதலியவற்றை இடுவோர், நிலத்துக்குரிய அளவைக் கண்ணளவாற் குறைத்துச் சாடிக்கு இடுதல் ஆபத்தானது. சிறு மண்ணில் சிறு மிகையும் வேரைக் கருக்கும். உலர்ந்த மண்ணில் ஒருபோதும் பசளை இடலாகாது. இலை மிகக் கரும்பச்சையாய்ச் செழித்துப் பூ பிடிக்காதாயின் நைதரசன் மிகுந்துவிட்டது என்பது பொருள்.

நோயை அறிதல்

நாற்று ஒன்று அடியழுகலாற் சாய்ந்தால் அக்கோப்பையை உடனே அகற்றி, ஏனையவற்றுக்கு நீரைக் குறைத்து, காற்றும் வெயிலும் கூட்டுதல் வேண்டும். கோப்பை முறையின் பெருநன்மை இங்கேயே விளங்கும். மேடையில் நோய் வட்டமாகப் பரவும்; கோப்பையில் ஒன்றோடு நிற்கும்.

வளர்ந்த தக்காளி அல்லது கத்தரி, இலை மஞ்சளாகாது பச்சையாகவே பகலில் வாடினால், தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாது பிடித்தல் வேண்டும். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். இதனைத் தீர்க்க மருந்தில்லை. செடியைப் பிடுங்கி எரித்து, அச்சாடி மண்ணைத் தோட்டத்தில் எறியாது விலக்குதல் வேண்டும். சாடியில் ஒரு செடியோடு முடியும் இந்நட்டம், நிலத்திலாயின் வரி வரியாகப் பரவும்.

இலையின் அடிப்புறத்தைக் கிழமைக்கு இரு முறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். இலை மேனோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியும் பெரும்பாலும் காரணமாகும். தொடக்கத்திற் கண்ட சில இலைகளைக் கிள்ளி அழித்தல், பின்னர்த் தெளிக்கும் நாசினியிலும் பயன் தரும். ஐயமுள்ளவிடத்து வாடிய செடியைப் பையிற் கட்டி அருகிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் வேண்டும்.

மண்ணை மீளப் பயன்படுத்தல்

நோயற்ற செடி வளர்ந்த மண்ணை எறிய வேண்டியதில்லை. பழைய வேரை அரித்து நீக்கி, நான்கிலொரு பங்கு புதிய கூட்டெரு சேர்த்து, வெயில் முறையில் தூய்மை செய்து, அடுத்த முறை பயற்றங்காய், கீரை அல்லது வெங்காயம் இடுதல் வேண்டும். அதே சாடியில் மிளகாய்க்குப் பின் மிளகாயோ கத்தரியோ இடுவதைத் தவிர்த்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. துவாரமில்லாத பாத்திரம் பயிருக்கு உதவாது. அடியிற் கல் பரப்புவது துவாரத்துக்கு ஈடாகாது.

2. மிளகாய்க்கு 13 இலீற்றர், கத்தரிக்கும் தக்காளிக்கும் 22 இலீற்றர்ச் சாடி வேண்டும்.

3. மண் இரண்டு, கூட்டெரு ஒன்று, உமிக்கரி அல்லது கழுவிய தும்புச்சோறு ஒன்று.

4. ஒரே குடும்பப் பயிர் நின்ற மண்ணை எடுக்கலாகாது.

5. பெரும்போக நாற்று மண்ணை ஆவணியிலேயே வெயிலில் மூடுக.

6. விரலால் அறிந்து, காலையில், வடியும்வரை நீர் ஊற்றுக.

7. சாய்ந்த நாற்றை அன்றே அகற்றுக.